கரண்ட் வந்ததும் ஸ்கிரிப்ட் தானாக ஓடவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கொங்குப் பக்கத்தில் லினக்ஸ் மெஷின்கள் குளிர்சாதன அறையில் இருப்பது குறைவு. திருப்பூர் பனியன் கம்பெனியில் லேபிள் அடிக்கும் மேஜைக்குக் கீழே, ஈரோட்டு மஞ்சள் மண்டியில் எடைமேடையை ஒட்டிய அறையில், நாமக்கல் கோழிப்பண்ணை ஆபீஸில் தீவனக் கணக்கு நோட்டுகளுக்குப் பக்கத்தில் என்று எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் கரண்டை நிறுத்தினால் திரும்ப வர மதியம் தாண்டிவிடும். அதுவரை யூபிஎஸ் தாங்காது. கரண்ட் வந்ததும் மெஷின் எழுந்துவிடும். கூடவே எழவேண்டிய ஸ்கிரிப்ட் எழாது. பிறகு போன் வரும்: "அண்ணா, கரண்ட் வந்துருச்சுங்க, லேபிள்தான் வரமாட்டீங்குதுங்க."

அப்படிப் போனில் சொல்லப்படும் குறைகளையே கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். உங்கள் குறை எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ரெட் ஹேட் வகைகள் எல்லாவற்றிலும் இப்போது, மெஷின் எழும்போது முதல் ப்ராசஸாகக் கிளம்பி மற்ற புரோகிராம்களைக் கிளப்புவது சிஸ்டம்-டி. அதனால் பெரும்பகுதி அதைப் பற்றியே.

முதலில், எங்கே போடுவது

ஸ்கிரிப்டை எங்கே போடுவது என்ற கேள்விக்கு முன்னால் மூன்று விஷயம் தெரியவேண்டும். அது யார் பெயரில் ஓடவேண்டும், எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டா, சாதாரண யூசரா? மெஷின் எழும்போதா, ஆள் லாகின் செய்யும்போதா? எது தயாரான பிறகு: நெட்வொர்க்கா, டிஸ்க்கா, யூஎஸ்பி கேபிளா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் இடம் தானாகத் தெரிந்துவிடும். பதில் இல்லாமல் எங்கே போட்டாலும் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது.

மெஷின் எழும்போதே ஓடவேண்டியதென்றால், ஸ்கிரிப்ட் ஃபைல் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டரில் இருக்கட்டும். ரூட் மட்டும் தொடவேண்டியதென்றால் பக்கத்திலேயே உள்ள எஸ்பின். பேக்கேஜ் அப்டேட்கள் அந்த ஃபோல்டர்களில் கைவைப்பதில்லை. அந்த ஸ்கிரிப்டை எப்போது, யார் பெயரில் கூப்பிடுவது என்று சொல்லும் சின்ன சர்வீஸ் ஃபைல் /இடிசி/சிஸ்டம்-டி/சிஸ்டம் ஃபோல்டரில். எடைமேடையிலிருந்து எடையை வாசித்து ஆபீஸ் சர்வருக்கு அனுப்பும் ஒரு ஸ்கிரிப்டுக்கு அது, எடை.சர்வீஸ் என்ற பெயரில், இப்படி இருக்கும்:

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=எடைமேடை வாசிப்பு
வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

[சர்வீஸ்]
யூசர்=எடை
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்/எடை.எஸ்எச்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்
ரீஸ்டார்ட்செக்=30

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்

எழுதியதும் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அப்புறம் சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் எடை.சர்வீஸ். அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வரி எழுதச் சோம்பல்பட்டு, மெஷின் எழும்போது ஓடும் பழைய கால ஃபைலான ஆர்சி.லோக்கலில் ஒரு வரி சேர்த்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு வரிக்கு லாக் கிடையாது, விழுந்தால் தூக்கிவிட ஆள் கிடையாது.

"ஒண்ணுமே ஓடலீங்க"

மெஷினே ஆன் ஆகவில்லை என்றால் அது ஸ்கிரிப்ட் விவகாரமில்லை. பயாஸ் செட்டிங்கில், கரண்ட் போய் வந்தால் மெஷின் என்ன செய்யவேண்டும் என்று ஒரு இடம் இருக்கும். அதை ஆன் ஆகும்படி மாற்றுங்கள்.

மெஷின் எழுந்திருக்கிறது, ஸ்கிரிப்ட் மட்டும் இல்லை என்றால், எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு கட்டளை. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் எடை.சர்வீஸ் இப்போதைய நிலையைச் சொல்லும். ஜர்னல்சிடிஎல் -பி -யூ எடை.சர்வீஸ், இந்த முறை மெஷின் எழுந்ததிலிருந்து அந்த சர்வீஸ் சொன்ன எல்லாவற்றையும் காட்டும். போன முறை எழுந்தபோது என்ன நடந்தது என்று பார்க்க -பி பக்கத்தில் -1 சேர்க்கவேண்டும். அதற்குப் பழைய லாக் டிஸ்க்கில் தங்கியிருக்கவேண்டும். /வார்/லாக்/ஜர்னல் என்ற ஃபோல்டர் இல்லாத மெஷினில் ரீபூட்டோடு லாக் போய்விடும். இல்லாவிட்டால் உருவாக்கி வையுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் அதுதான் ஒரே சாட்சி.

ஸ்டேட்டஸில் "டிஸேபிள்டு" என்று இருந்தால், சர்வீஸை ஸ்டார்ட் மட்டும் செய்து, எனேபிள் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள். ஸ்டார்ட் என்றால் இப்போது ஓட்டு. எனேபிள் என்றால் அடுத்த முறை எழும்போது ஓட்டு. ஒன்று செய்தால் மற்றது நடக்காது. எனேபிள் செய்யும்போதே இன்ஸ்டால் விவரம் இல்லை என்று குறைசொன்னால், மேலே உள்ள கடைசி இரண்டு வரி உங்கள் ஃபைலில் விட்டுப்போயிருக்கிறது.

"ஆர்சி.லோக்கல்ல போட்டேனுங்க, ஓடலீங்க"

பழைய வழிகாட்டிகள் எல்லாம் இந்த ஃபைலைத்தான் காட்டும். டெபியன் 2015-ல் வெளியான 8-ஆம் பதிப்பிலும், உபுண்டு அதே வருடத்து 15.04-லும் சிஸ்டம்-டிக்கு மாறின. அதன் பிறகும் பழைய ஸ்கிரிப்டுகளுக்காக ஆர்சி.லோக்கலுக்கு இடம் விட்டு வைத்தார்கள். ஆனால் உபுண்டு 18.04 முதல் அந்த ஃபைல் முன்கூட்டியே இருப்பதில்லை, நாமே உருவாக்கவேண்டும். ரெட் ஹேட் வகையில் அசல் ஃபைல் /இடிசி/ஆர்சி.டி ஃபோல்டருக்குள் இருக்கும்.

இங்கே நான்கு இடத்தில் கோளாறு வரும். ஒன்று, ஓட்டும் அனுமதி இல்லாத ஃபைலை சிஸ்டம்-டி கண்டுகொள்ளவே செய்யாது. பிழை என்றுகூடச் சொல்லாது. சிஎச்மாட் +எக்ஸ் போட்டால் சரி. இரண்டு, முதல் வரியில் #!/பின்/எஸ்எச் இருக்கவேண்டும். மூன்று, பழைய டெபியன் ஃபைலில் கடைசி வரி எக்ஸிட் 0. உங்கள் வரியை அதற்குக் கீழே சேர்த்திருந்தால் அது எந்தக் காலத்திலும் ஓடாது. நான்கு, அதே பழைய ஃபைலின் முதல் வரியில் -இ என்று ஒரு சேர்க்கை உண்டு. அதன்படி நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் மிச்சம் எல்லாம் கைவிடப்படும். மேலே யாரோ எப்போதோ எழுதிய வரி இப்போது இல்லாத பிரிண்டரைத் தேடித் தோற்கும், கீழே இருக்கும் உங்கள் வரிக்கு முறையே வராது. ரொம்ப நாளாக ஓடியது ஒருநாள் நின்றுபோனால் முதலில் இதைத்தான் சந்தேகப்படவேண்டும்.

இந்த ஃபைலில் முடிவில்லாமல் ஓடும் கட்டளையைக் கடைசியில் & இல்லாமல் எழுதினால் அதற்குக் கீழே உள்ளவை காத்துக்கொண்டே கிடக்கும். & போட்டால் ஓடும்தான்; விழுந்தால் விழுந்ததுதான். ஒரு கர்னல் செட்டிங்கை மாற்றும் ஒற்றை வரிக்கு ஆர்சி.லோக்கல் போதும். நாள் முழுக்க ஓடவேண்டியதற்கு வேண்டாம்.

"ஆள் வந்து லாகின் பண்ணாத்தான் ஓடுதுங்க"

இதில் மர்மம் எதுவும் இல்லை. ஸ்கிரிப்டை .பேஷ்ஆர்சி அல்லது .ப்ரொஃபைல் ஃபைலில் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஷெல், அதாவது நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம், திறக்கும்போது வாசிக்கப்படுபவை. மெஷின் எழுவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. .பேஷ்ஆர்சியில் போட்டால் ஒவ்வொரு டெர்மினல் விண்டோவுக்கும் ஒரு தடவை ஓடும் என்பது கூடுதல் தொல்லை. மூன்று விண்டோ திறந்தால் ஒரே லேபிள் மூன்று அடிக்கும்.

வீட்டு ஃபோல்டருக்குள் .கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்ட் என்ற இடத்தில் போட்டிருந்தாலும் இதே அறிகுறிதான். அது டெஸ்க்டாப் திறந்த பிறகு ஓடுவது. ஆனால் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். திரையில் ஒரு விண்டோ காட்டவேண்டிய புரோகிராமுக்குச் சரியான இடம் அதுதான். அந்த யூசருக்கு ஆட்டோ லாகின் வைத்துவிட்டால் கரண்ட் வந்ததும் திரையும் வரும், விண்டோவும் வரும். ரூட் சர்வீஸிலிருந்து திரையில் விண்டோ திறக்கப் பார்த்து மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

யூசர் பெயரிலேயே சர்வீஸ் எழுதி .கான்ஃபிக்/சிஸ்டம்-டி/யூசர் ஃபோல்டரில் வைத்திருந்தால், அந்த யூசர் லாகின் செய்யும்வரை அதுவும் எழாது. கடைசி லாகின் முடிந்ததும் நின்றும்விடும். லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் என்று அடித்து யூசர் பெயரைச் சேர்த்தால், ஆள் வராவிட்டாலும் மெஷினோடு சேர்ந்து எழும்.

"203-னு ஏதோ நம்பர் காட்டுதுங்க"

ஸ்டேட்டஸில் 203/எக்ஸெக் என்று வந்தால் உங்கள் ஸ்கிரிப்டின் முதல் வரிகூட ஓடவில்லை என்று அர்த்தம். ஸ்கிரிப்டுக்குள் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். ஃபைலின் பாதை சரியா, ஓட்டும் அனுமதி இருக்கிறதா, முதல் வரியில் #! இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் 203 வந்தால் நம்ம ஊரில் பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஸ்கிரிப்டை விண்டோஸ் கம்ப்யூட்டரில் நோட்பேடில் எழுதி, வாட்ஸ்ஆப்பிலோ பென்டிரைவிலோ கொண்டுவந்திருப்பார்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தைக் கூடுதலாக வைக்கும். முதல் வரியிலும் அது ஒட்டிக்கொள்வதால், அந்த எழுத்தோடு சேர்ந்த பெயரில் ஒரு ஷெல்லைத் தேடி, கிடைக்காமல் சிஸ்டம்-டி கைவிரிக்கும். கேட் -ஏ என்று ஃபைலைக் காட்டச்சொன்னால் வரி முடிவில் ^எம்$ என்று தெரியும். டாஸ்2யூனிக்ஸ் என்ற சின்னக் கருவி ஒரே அடியில் சுத்தம் செய்துவிடும்.

ஃபெடோரா, ரெட் ஹேட் வகையில் இன்னொரு காரணம் உண்டு. ஸ்கிரிப்டை வீட்டு ஃபோல்டரில் எழுதி, எம்வி கொண்டு /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னுக்கு நகர்த்தினால், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு ஒட்டிய பழைய அடையாளம் அதோடேயே வரும். வீட்டு ஃபைலை சிஸ்டம் சர்வீஸ் ஓட்டக்கூடாது என்று தடுத்துவிடும். ரெஸ்டோர்கான் அடித்தால் புது இடத்துக்கான அடையாளம் வந்துவிடும். எஸ்இலினக்ஸையே அணைத்துப்போடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

217/யூசர் என்றால் சர்வீஸ் ஃபைலில் எழுதிய யூசர் அந்த மெஷினில் இல்லை. 200/சிஎச்டிஐஆர் என்றால் வேலை செய்யச் சொன்ன ஃபோல்டர் இல்லை.

"கையில ஓட்டுனா ஓடுதுங்க, தானா ஓடமாட்டீங்குதுங்க"

அதிகம் கேட்கும் குறை இதுதான். டெர்மினலில் நீங்கள் உட்காரும்போது உங்களுக்கென்று ஒரு சூழல் தயாராக இருக்கிறது: கட்டளைகளைத் தேடும் பாதைகள், வீட்டு ஃபோல்டர், நீங்கள் நிற்கும் இடம். மெஷின் எழும்போது ஓடும் ஸ்கிரிப்டுக்கு அவற்றில் பெரும்பாலானவை இல்லை.

127 என்ற முடிவு எண் வந்தால் ஏதோ ஒரு கட்டளை கிடைக்கவில்லை. ஸ்கிரிப்டுக்குள் முழுப் பாதையை எழுதுங்கள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் @ரீபூட் வரி போட்டவர்களுக்கு இது இன்னும் கடுமை: கிரான் தேடுவது /யூஎஸ்ஆர்/பின், /பின் என்ற இரண்டு இடத்தில் மட்டும். நீங்கள் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் வைத்தது அதன் கண்ணில் படாது. பைத்தானில் தனிச் சூழல் அமைத்து லைப்ரரி நிறுவியிருந்தால், ஆக்டிவேட் செய்யும் வரியை சர்வீஸில் திணிக்கவேண்டாம். அந்தச் சூழலின் பின் ஃபோல்டரில் உள்ள பைத்தானையே முழுப் பாதையோடு கூப்பிட்டால் போதும்.

சிஸ்டம்-டி சர்வீஸ் நிற்கும் இடம் ரூட் ஃபோல்டர், அதாவது வெறும் /. ஸ்கிரிப்டில் "டேட்டா/இன்று.சிஎஸ்வி" என்று பாதி முகவரி எழுதியிருந்தால் அது /டேட்டாவைத் தேடிப் போகும். வொர்க்கிங்டைரக்டரி= என்ற வரி அதற்காகத்தான் இருக்கிறது.

எக்ஸெக்ஸ்டார்ட் வரி ஷெல் கிடையாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அங்கே | வேலை செய்யாது, > வேலை செய்யாது, && வேலை செய்யாது, ~ விரியாது. அவை வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஸ்கிரிப்டுக்குள் வைத்து, ஸ்கிரிப்டை மட்டும் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் ரீபூட் செய்து பார்க்காமல் இதைப் பிடிக்க ஒரு வழி: என்வ் -ஐ என்று முன்னால் சேர்த்து ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். உங்கள் சூழல் முழுவதையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கும். / ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டினால் இன்னும் நல்லது. அங்கே விழுந்தால் மெஷின் எழும்போதும் விழும்.

"நெட் வர்றதுக்கு முன்னாடியே ஓடிருதுங்க"

ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட் என்று எழுதியிருப்பார்கள். நெட்வொர்க் அமைக்கும் புரோகிராம் கிளம்பிவிட்டது என்பதற்கு மேல் அது எந்த உறுதியும் தராது. ஐபி முகவரி கிடைத்ததா என்று பார்ப்பதில்லை. வேண்டியது நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட். அதையும் ஆஃப்டரில் மட்டும் எழுதினால் போதாது, வான்ட்ஸிலும் எழுதவேண்டும். ஆஃப்டர் வரிசையை மட்டுமே சொல்லும், வான்ட்ஸ்தான் அதைக் கிளப்பும். கூடவே, மெஷினில் நெட்வொர்க்மேனேஜர் இருந்தால் அதன் வெயிட்-ஆன்லைன் சர்வீஸும், சிஸ்டம்-டி-நெட்வொர்க்டி இருந்தால் அதன் வெயிட்-ஆன்லைன் சர்வீஸும் எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனையும் செய்தாலும் அது உறுதி சொல்வது உங்கள் மெஷினின் நெட்வொர்க் நிலையை மட்டும். கரண்ட் வந்த நேரத்தில் மெஷினும், ரவுட்டரும், ஃபைபர் பெட்டியும் ஒன்றாகத்தான் எழுகின்றன. உள்ளூர் ஐபி கிடைத்துவிடும்; வெளியே போகும் வழி திறக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகலாம். தெருமுனைப் பெட்டிக்கு இன்னும் கரண்ட் வராமலும் இருக்கலாம். இதற்காக ஸ்கிரிப்டின் தலையில் ஸ்லீப் 60 போடுவது நம்மவர்களின் பிரியமான மருந்து. 61-ஆவது விநாடியில் நெட் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நெட் இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் தோல்வி எண்ணோடு வெளியேறட்டும்; ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர், ரீஸ்டார்ட்செக்=30 இரண்டும் சேர்ந்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பிக்கொண்டே இருக்கும்.

ரீஸ்டார்ட்செக் எழுதாமல் விட்டால் இடைவெளி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். பத்து விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் கிளம்பப் பார்த்தால் சிஸ்டம்-டி "ஸ்டார்ட்-லிமிட்-ஹிட்" என்று எழுதிவிட்டுக் கைகழுவிவிடும். அப்படி நின்றதை சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்டு அடித்து விடுவிக்கலாம்.

"எடைமேடை போர்ட் கிடைக்கலைங்குதுங்க"

யூஎஸ்பி வழியாக சீரியல் கேபிள் மாட்டிய இடங்களில் /டெவ்/டிடிஒய்யூஎஸ்பி0 என்ற பெயரை நம்பி ஸ்கிரிப்ட் எழுதியிருப்பார்கள். இரண்டு கேபிள் இருந்தால், எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு 0. கரண்ட் போய் வந்தபின் எடைமேடை 1 ஆகி, பார்கோடு ஸ்கேனர் 0 ஆகியிருக்கும். /டெவ்/சீரியல்/பை-ஐடி ஃபோல்டரில் ஒவ்வொரு கேபிளுக்கும் மாறாத பெயர் இருக்கும், அதை எழுதுங்கள். விலை குறைந்த கேபிள்களில் தனி வரிசை எண் இருக்காது, இரண்டும் ஒரே பெயரில் நிற்கும். அப்போது பக்கத்து பை-பாத் ஃபோல்டர். அது எந்தத் துளையில் மாட்டியது என்பதை வைத்துப் பெயர் சொல்லும், அதனால் துளைக்கு மேல் மார்க்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

போர்ட் இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், சர்வீஸின் யூசரை டயல்அவுட் குரூப்பில் சேர்க்கவேண்டும். கேபிளை மாட்டியதும் போர்ட் தோன்றி உடனே மறைகிறதா? உபுண்டு 22.04-ல், பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற புரோகிராம், சிஎச்340 சிப் உள்ள கேபிளைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்வது தெரிந்த விஷயம். அந்த மெஷினில் பிரெய்ல் திரை பயன்படுத்துபவர் இல்லையென்றால் அதை நீக்கிவிடலாம்.

"கெளம்புது, ஒடனே நின்னுருதுங்க"

ஸ்கிரிப்டின் கடைசி வரியில் புரோகிராமை & போட்டுப் பின்னணிக்கு அனுப்பியிருப்பீர்கள். ஸ்கிரிப்ட் முடிந்ததும் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, அது கிளப்பிய புரோகிராம்களையும் சேர்த்து சிஸ்டம்-டி நிறுத்திவிடும். & எடுத்துவிடுங்கள். கடைசி வரியில் எக்ஸெக் என்ற சொல்லோடு புரோகிராமைக் கூப்பிட்டால், ஸ்கிரிப்டின் இடத்தில் புரோகிராமே வந்து உட்காரும். அது விழுந்தால் உடனே தெரியும். பின்னணியில் ஓட்ட உதவும் நோஹப்பும் வேண்டாம், ஸ்கிரீனும் வேண்டாம்.

ஒரு செட்டிங்கை வைத்துவிட்டு முடிந்துபோகவேண்டிய ஸ்கிரிப்ட் என்றால் டைப்=ஒன்ஷாட், ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட்=யெஸ்.

"மெஷின் பாதியிலயே நின்னுக்குதுங்க"

ஒன்ஷாட் வகைக்கு இயல்பாக நேர வரம்பு இல்லை. முடிவே இல்லாத ஸ்கிரிப்டை ஒன்ஷாட் என்று எழுதினால், அதற்காகக் காத்திருப்பவை எல்லாம் காத்துக்கொண்டே இருக்கும். திரையில் "எ ஸ்டார்ட் ஜாப் ஈஸ் ரன்னிங்" என்ற வரியும், ஓடும் கடிகாரமும், பக்கத்தில் "நோ லிமிட்" என்றும் தெரியும். மெஷின் எழத் தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் இ தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் சிஸ்டம்-டி.மாஸ்க்=எடை.சர்வீஸ் என்று சேர்த்தால், இந்த ஒருமுறை மட்டும் அதை விட்டுவிட்டு மெஷின் எழும். உள்ளே போய்த் திருத்துங்கள். டைம்அவுட்ஸ்டார்ட்செக் வைப்பதும் நல்லது. பிறகு சிஸ்டம்-டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின் அடித்தால் யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

கூடுதலாக மாட்டிய டிஸ்க் செத்துப்போனாலும் இதே அறிகுறி, ஆனால் அது ஒன்றரை நிமிடம் பார்த்துவிட்டு அவசர நிலைக்குப் போய்விடும். டிஸ்க்குகளின் பட்டியலான /இடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டிஸ்க்கின் வரியில் நோஃபெயில் சேர்த்தால், டிஸ்க் இல்லாமலும் எழும். அந்த டிஸ்க் இருந்தால்தான் ஓடவேண்டிய சர்வீஸில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்= வரியில் அதன் பாதையை எழுதுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் இல்லாத வெறும் ஃபோல்டரில் ஸ்கிரிப்ட் எழுதித் தள்ளி, முதல் டிஸ்க்கை நிரப்பிவிடும்.

"பில்லுல தேதி தப்பா வருதுங்க"

ராஸ்ப்பெரி பை 4 வரை கரண்ட் இல்லாதபோது நேரம் காக்கும் கடிகாரமே கிடையாது. 5-ல் கடிகாரம் இருக்கிறது, பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்டவேண்டும். எழுந்ததும் பழைய நேரத்தில் இருக்கும், நெட் வந்தபின் சரியாகும். நேரம் முக்கியமான சர்வீஸில் ஆஃப்டர்=டைம்-சிங்க்.டார்கெட் சேர்த்து, சிஸ்டம்-டி-டைம்-வெயிட்-சிங்க் சர்வீஸை எனேபிள் செய்யுங்கள். நெட்டே வராத நாளில் அந்த சர்வீஸ் கிளம்பாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எடைச்சீட்டு அடிக்கவேண்டிய இடத்தில் பேட்டரி வாங்கி மாட்டுவதே மேல்.

"மாத்துனேனுங்க, மாறமாட்டீங்குதுங்க"

டீமன்-ரீலோட் அடிக்காமல் ரீஸ்டார்ட் செய்திருப்பீர்கள். அடித்தும் மாறவில்லை என்றால் சிஸ்டம்சிடிஎல் கேட் எடை.சர்வீஸ் எந்த ஃபைலை உண்மையில் படிக்கிறது என்று காட்டும். பேக்கேஜோடு வந்த சர்வீஸை /யூஎஸ்ஆர்/லிப் பக்கம் போய்த் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். சிஸ்டம்சிடிஎல் எடிட் கொண்டு திருத்தினால் உங்கள் மாற்றம் மட்டும் /இடிசியில் தனியாக உட்காரும்.

சிஸ்டம்-டி இல்லாத மெஷின் என்றால்

பிஎஸ் -பி 1 அடித்தால் முதல் ப்ராசஸ் எது என்று தெரியும். ஆல்பைன், ஜென்டூ போன்ற ஓபன்ஆர்சி உள்ளவற்றில் /இடிசி/லோக்கல்.டி ஃபோல்டரில் .ஸ்டார்ட் என்று முடியும் பெயரில் ஸ்கிரிப்டை வைத்து, ஓட்டும் அனுமதி கொடுத்து, ஆர்சி-அப்டேட் ஆட் லோக்கல் அடியுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் நம் சொந்த ஸ்கிரிப்டுகளுக்கு இடம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/இடிசி/ஆர்சி.டி, அங்கே வைத்தால் மட்டும் ஓடாது, ஆர்சி.கான்ஃப் ஃபைலில் அதன் பெயரோடு எனேபிள் என்று சேர்த்து யெஸ் போடவேண்டும். மேக்கில் /லைப்ரரி/லாஞ்ச்டீமன்ஸ் ஃபோல்டரில் ஒரு பிலிஸ்ட் ஃபைல். அதன் உரிமையாளர் ரூட்டாக இல்லாவிட்டால், மேக்கில் சிஸ்டம்-டியின் வேலையைச் செய்யும் லாஞ்ச்டி அதை ஏற்காது. லாகின் ஆன பிறகு ஓடவேண்டியது பக்கத்து லாஞ்ச்ஏஜென்ட்ஸ் ஃபோல்டரில்.